வால் தேய்க்கும் குதிரை

"மருந்து பலிக்கலீங்க சாமி," என்றார் பொங்கியண்ணன்.

சாமி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்த மருந்துங்கண்ணா?"

"ஒண்ணு பாக்கி இல்லீங்க. அத்தனையும் பாத்தாச்சு."

"அப்ப மருந்து தன் வேலையை முடிச்சிருச்சு. உக்காருங்க. கடலை தின்னுங்க."

பொங்கியண்ணன் உட்காரவில்லை. கடலையும் தின்னவில்லை. கொட்டகைப் பக்கமிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. சரக், சரக், சரக். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

பவளம் கம்பத்தில் வாலைத் தேய்க்கிற சத்தம் அது.

*

மலையடிவாரத்தில் ஒரு மேடு. மேட்டின்மேல் ஒரு குடில், ஒரு கொட்டகை. யாருக்கும் வேண்டாத குதிரைகள் அங்கே வந்து சேரும். ஜட்கா இழுத்து முழங்கால் போனவை, சுற்றுலாக்காரர்களைச் சுமந்து முதுகு புண்ணானவை, கல்யாண ஊர்வலத்தில் ஆடி ஆடி அலுத்துப்போனவை.

அவற்றை வைத்துக் காப்பாற்றுகிறவரை ஊர் மேட்டுச்சாமி என்று கூப்பிட்டது. சாமி என்றதும் தாடியைத் தேட வேண்டாம். பெண்தான். வயது நாற்பதைத் தொட்டிருந்தால் அதிகம். உபதேசம் கேட்டு வருகிறவர்கள் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்துவிடுவார். பாதிப் பேர் மறுநாள் வரமாட்டார்கள்.

பொங்கியண்ணன் மறுநாளும் வந்தார். அப்புறம் திரும்பிப் போகவே இல்லை.

குருவைவிடச் சீடருக்கு இருபது வயது மூப்பு. ரிக் வண்டி வைத்து வடநாடு வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். நடுவில் பாறை வந்தால் நிறுத்துகிற ஆளில்லை. 'தண்ணி வரலைன்னா ஆழம் பத்தலைன்னு அர்த்தம்' என்பது அவருடைய வேதம். தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி மேட்டில் ஏறியபோது அந்த வேதத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆள் தங்கம். பிடிவாதத்தில் மட்டும் கோவேறு கழுதை தோற்றுவிடும்.

பவளம் கல்யாணக் குதிரையாக இருந்தது. செம்பழுப்பு நிறம், தரையைத் தொடுகிற வால். அந்த வாலில் ஜிகினா கட்டி, எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்திருக்கிறது. ஒருநாள் வால் அரிக்கத் தொடங்கியது. சுவர், கம்பம், மரம் என்று கண்டதிலெல்லாம் தேய்த்தது. மயிர் ஒடிந்து ஒடிந்து, கடைசியில் வால் பழைய தென்னை விளக்குமாறு போலாகிவிட்டது. எந்த மாப்பிள்ளை ஏறுவான்? பேண்டு செட்டுக்காரர் அதை மேட்டுக்குக் கீழே கட்டிப்போட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார்.

அவிழ்த்து மேலே கொண்டுவந்தவர் பொங்கியண்ணன். அன்றிலிருந்து அது அவருடைய செல்லம்.

*

"மத்ததுகளும் ஆரம்பிச்சிருச்சுங்க," என்றார். "நேத்துக் கிழவன். இன்னிக்கு வெடியால பாத்தா வெள்ளைக் குட்டையும் செவுத்துல தேய்க்குது."

கிழவன் என்பது முழங்கால் போன ஜட்கா குதிரை. வெள்ளைக் குட்டை மலைவாசஸ்தலத்தில் குழந்தைகளைச் சுமந்த மட்டக்குதிரை.

"பவளத்துக்கு மருந்து குடுத்தீங்க."

"குடுத்தனுங்க."

"குடுத்தா?"

"சித்தெ நாளைக்கு அடங்குதுங்க. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதானுங்க."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"இன்னுங் கொஞ்சம் சேத்திக் குடுத்தனுங்க."

"அப்புறம்?"

"இன்னும் சேத்தி."

சாமி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எத்தனை அடி போயிருக்கீங்க?"

பொங்கியண்ணனுக்குக் கேலி புரிந்தது. முகம் சுண்டிவிட்டது.

"டாக்டரம்மா வைதுட்டுப் போயிட்டாங்க," என்றார்.

*

டாக்டர் ஜெபக்கனி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து மொபெட்டில் வருவார். பொங்கியண்ணனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

முதல் தடவை வந்தபோதே கண்ணாடி டேப்பைக் கிழித்துப் பவளத்தின் வாலுக்கு அடியில் ஒட்டி எடுத்து, வெயிலில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"பாருங்க அண்ணாச்சி, எவ்வளவு முட்டை! புழு குடலுக்குள்ள இருக்கு. ராத்திரி பொட்டப்புழு வெளிய வந்து வாலடியில முட்டையை ஒட்டிட்டுப் போவும். பசை மாதிரிப் பிடிச்சுக்கிடும். அதான் அரிப்பு. அப்புறம் காஞ்சு உதிரும். உதிர்ந்தது தீனித் தொட்டியில விழும், தண்ணியில விழும், பட்ட இடத்துல எல்லாம் ஒட்டும். அதைக் குதிரை தின்னா மறுபடியும் புழு."

"மனுசனுக்குத் தொத்துமுங்களா?"

"தொத்தாது. இது குதிரைக்கு மட்டுந்தான். உள்ள இருக்கதை மருந்து பாத்துக்கிடும். வெளிய இருக்கதை நீங்கதான் பாத்துக்கிடணும். நல்லாக் கழுவணும்."

"தினமும் கழுவறனுங்க. ஒருநாள் தப்பறதில்லை."

அதில் பொய் இல்லை. தினமும் கழுவினார். மழையானாலும் கழுவினார். ஆனால் டாக்டர் சொன்னதில் அவர் மனதில் நின்றது 'உள்ளே புழு' என்ற ஒன்றுதான். உள்ளே என்றால் அவருக்கு ஆழம். ஆழம் என்றால் இன்னும் போக வேண்டும்.

புழு விடாக்கண்டன். இவர் கொடாக்கண்டன்.

இரண்டாம் தடவை டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் தடவை, பொங்கியண்ணன் தானாகவே அளவைக் கூட்டுகிறார் என்று தெரிந்ததும் கத்திவிட்டார்.

"இதுக்கு மேல குடுத்தீங்கன்னா குதிரை போயிரும் அண்ணாச்சி. புழு மட்டுந்தான் இருக்கும்!"

*

"சாமி."

"சொல்லுங்கண்ணா."

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார். சொல்ல வந்தது வேறு. அதற்கு இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுக்காக எல்லாத்தையும் பலி குடுக்க முடியுமுங்களா? மத்ததுகளும் வாயில்லா சீவன்தானுங்களே. பவளத்தை... ஆடிச் சந்தைக்கு ஓட்டிடலாமுங்களா?"

சந்தையில் அதை யார் வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். மொட்டை வால் குதிரையைச் செங்கல் சூளைக்காரன்தான் வாங்குவான். பச்சைக்கல் சுமக்க வைப்பான். அங்கே போன குதிரை அடுத்த ஆடியைப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

சாமி வேண்டாம் என்பார். 'என்னங்கண்ணா இப்படிப் பேசறீங்க' என்பார். கருணையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். அதைக் கேட்டு அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தார்.

"ஓட்டீருங்க," என்றார் சாமி.

பொங்கியண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஓட்டீர்றதுங்களா?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க."

"சொன்னனுங்க..."

"சந்தைக்கு இன்னும் நாளிருக்குது. வண்டி சொல்லி வெச்சிருங்க. அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க." சாமி எழுந்து குடிலுக்குள் போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்தார். சிரட்டையில் சிவப்பாக என்னவோ குழைத்து வைத்திருந்தது. "நாளைக்கு வெடியால இதை அவ வாலடியில பூசுங்க."

"புது மருந்துங்களா?"

"காவி மண்ணு. விளக்கெண்ணெயில குழைச்சிருக்குது."

"கேக்குமுங்களா?"

"காவிக்கு என்னங்கண்ணா தெரியும்? பூசீட்டு உங்க வேலையை எப்பவும் போலப் பாருங்க. ஒண்ணையும் கூட்ட வேண்டாம். ஒண்ணையும் குறைக்க வேண்டாம்."

பொங்கியண்ணன் சிரட்டையை வாங்கிக்கொண்டு நடந்தார். குருவின்மேல் அவருக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

*

விடிந்தும் விடியாததுமாகக் கொட்டகைக்குப் போனார். காவியைப் பூசினார். பூசும்போதே கண் கலங்கியது.

"கோவிச்சுக்காத சாமி," என்றார் பவளத்திடம்.

பவளம் வழக்கம்போலப் பின்பக்கத்தை அவர்மேல் சாய்த்தது. அங்கே சொறிந்துவிட்டால் அதற்குச் சொர்க்கம். சொறிந்துவிட்டார்.

பிறகு, எப்பவும் போல வேலை.

நோவு யாருக்கு அதிகமோ அவருக்கே முதல் உபசாரம் என்பது பொங்கியண்ணன் கொள்கை. அதனால் முதலில் பவளம். வெந்நீரில் துண்டை நனைத்து வாலடியைத் துடைத்தார். அதே துண்டைப் பிழிந்து அதன் முகத்தையும் துடைத்தார். பிறகு கிழவன். பிறகு வெள்ளைக் குட்டை. பிறகு மற்றவை.

துண்டு ஒன்றுதான். வெள்ளைப் பருத்தித் துண்டு. சீடனாக ஏற்றுக்கொண்ட அன்று சாமி தன் கையால் அவர் தோளில் போட்டது. எந்தக் குதிரைக்கு எந்த நோவு வந்தாலும் அந்தத் துண்டு பட்டால் பாதி தீரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வேறு துணி எடுத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் ஒரு முறை முறைப்பார், அவ்வளவுதான்.

துடைத்து முடிந்ததும் கவளம். வேகவைத்த கொள்ளும் வெல்லமும் பிசைந்து உருட்டி ஊட்டுவது. அந்த மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. தேய்த்த கைதான் ஊட்ட வேண்டும். மனிதக் கையிடம் அடிபட்டு வந்த குதிரைகள் அவை. வலிக்கிற இடத்தைத் தொடுகிற கையே சோறும் போட்டால்தான் பயம் தெளியும் என்று சாமி ஏற்படுத்தியிருந்தார்.

அதோடு பொங்கியண்ணன் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். கையின் ஈரம் காய்வதற்குள் ஊட்டிவிட வேண்டும். நடுவில் கழுவக் கூடாது. சேவை செய்த கையைக் கழுவினால் சேவையையே கழுவிவிட்ட மாதிரி. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானே கண்டுபிடித்து, தானே பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஊட்டினார். தண்ணீர் காட்டினார். கூட்டினார். உச்சிவெயிலில் சாமிக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய் வைத்தார். பேசவில்லை. கோபம் இன்னும் இருந்தது; அதில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

*

பொழுது சாயும் நேரத்தில் சாமி கொட்டகைக்கு வந்தார்.

"வாங்கண்ணா. சித்தெ நடக்கலாம்."

சாமி கம்பத்தைக் காட்டினார். கம்பத்தில் சிவப்பு.

"அவ தேய்ச்சதுங்க," என்றார் பொங்கியண்ணன்.

சாமி பவளத்தின் தீனித் தொட்டியைக் காட்டினார். விளிம்பில் சிவப்பு.

"அது..." என்றார் பொங்கியண்ணன்.

வாளியின் கைப்பிடி. விளக்குமாற்றின் அடி. கொள்ளுப் பானையின் மூடி. எல்லாவற்றிலும் சிவப்பு.

சாமியின் விரல் போய்க்கொண்டே இருந்தது. கிழவன் நின்றது. அதன் கீழுதட்டில் சிவப்பு. மறுகோடியில் வெள்ளைக் குட்டை நின்றது. வெள்ளை முகமாயிற்றே, மறைக்க முடியுமா? மூக்கைச் சுற்றிக் குங்குமம் அப்பின மாதிரி இருந்தது.

பொங்கியண்ணன் நின்றுவிட்டார்.

"பவளம் கட்டுத்தறியை விட்டு நகரலீங்க."

"ம்."

"குட்டை இந்தக் கோடியில நிக்குது. இது அங்க போகல."

"ம்."

"அப்புறம் ஆருங்க அங்கிருந்து இங்க நடந்தது?"

சாமி இடுப்பு மடியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். மத்தியானம் மோர் வந்த டம்ளர். அதன் பக்கத்தில், தெளிவாக, ஒரு சிவப்புக் கட்டைவிரல்.

"எனக்கும் ஊட்டீட்டீங்கண்ணா," என்றார்.

பொங்கியண்ணன் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீரில் ஒரு கிழவர் தெரிந்தார். அவருடைய நரைத்த மீசை பாதி சிவந்திருந்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். எல்லாம் சிவப்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவி," என்றார். "நானே கழுவி, நானே ஊட்டியிருக்கறன். தினமும். ஒருநாள் தப்பாம."

வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை மாதம் அந்த வாயில்லா ஜீவனை வதைத்தது தான்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் அந்த எரிச்சலுக்கு நடுவே இன்னொன்றும் வந்தது. சிரிப்பு. முதலில் மூக்கில் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது. பாறை என்று நினைத்து முட்டிக்கொண்டிருந்தது பாறையே இல்லை. பவளம் தீராத குதிரை இல்லை. மருந்தும் பொய்யில்லை. இப்படி ஒரு நிம்மதி அவருக்கு முதல் கிணற்றில் தண்ணீர் பீறியபோதுகூட வந்ததில்லை.

சாமியும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். குதிரைகள் இருவரையும் பார்த்தன.

"ஆனா சாமி," என்றார் பொங்கியண்ணன், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "தேய்ச்ச கைதான் ஊட்டோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"சொன்னனுங்க."

"அப்புறமுங்க?"

"கழுவாத கைன்னு சொன்னனுங்களா?"

*

மறுநாள் சாமி அந்தத் துண்டைக் கேட்டார். பொங்கியண்ணன் பவ்யமாக இரண்டு கையாலும் கொடுத்தார்.

சாமி அதைக் குறுக்கே கிழித்தார்.

"சாமி!"

மறுபடி கிழித்தார்.

"நீங்க குடுத்ததுங்க! தீட்சை அன்னைக்குக் குடுத்ததுங்க!"

"நான் குடுத்தது துணிதானுங்கண்ணா. மத்ததெல்லாம் நீங்க சேத்திக்கிட்டது." கந்தல்களை ஒரு கூடையில் போட்டார். "ஒரு தடவை துடைச்சா ஒண்ணு. துடைச்சது அடுப்புக்குள்ள."

பொங்கியண்ணன் முதல் கந்தலை அடுப்பில் போடும்போது கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதைப் போடும்போது மூடவில்லை.

அந்தக் கூடை காலியானதும் ஊரிலிருந்து பழைய வேட்டியும் சேலையும் கேட்டு வாங்கி வந்தார். பவளம் எழுந்து தேய்க்கத் தொடங்குவதற்கு முன்பே வெந்நீரோடு போய் வாலடியைக் கழுவினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மற்றவற்றையெல்லாம் துடைத்து ஊட்டி முடித்துவிட்டு, அதற்குக் கடைசியாக ஊட்டினார். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. 'உன்னைப் பின்னுக்குத் தள்ளலடி' என்று தினமும் அதனிடம் சமாதானம் சொன்னார்.

கொட்டகை வைக்கோலை மொத்தமாக வாரி எரித்தார். தொட்டிகளைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்தார். கம்பத்துக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தார். குதிரைக்கொரு வாளி வாங்கி வைத்தார். கிழவனும் வெள்ளைக் குட்டையும் ஒரே வாளியில் குடித்துப் பழகியவை, பிரித்ததும் ரகளை செய்தன.

"தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேற," என்று அவற்றுக்குச் சொல்லிப் பார்த்தார். அவை கேட்பதாக இல்லை.

வெள்ளையடித்த கொட்டகையைக் கண்டு, மேட்டில் கும்பாபிஷேகமா என்று கீழே விசாரித்தார்கள்.

டாக்டர் ஜெபக்கனி வந்து, சரியான அளவில் எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தார். அப்புறம் ஒருமுறை வந்து டேப்பை ஒட்டி எடுத்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணையும் காணோமே அண்ணாச்சி!"

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா."

"நல்லாத்தான் பாத்தேன்."

"இனி வராதுங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாது. வந்தாலும் வரும். கை கழுவுறதை மட்டும் விட்டுராதீங்க."

*

ஆடி பிறந்தது.

பவளம் தேய்ப்பதை நிறுத்திவிட்டது. வாலடியில் புண் ஆறி, புதுமயிர் முள்முள்ளாகக் குத்தத் தொடங்கியிருந்தது. பொங்கியண்ணனுக்கு நிம்மதி வந்தது. ஆனால் வந்த நிம்மதியை நம்பத் தெரியவில்லை. நடக்கும்போதும் காது கொட்டகைப் பக்கமே இருந்தது. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திக் கேட்பார். ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் அடுத்த கவளத்தை வாயில் வைப்பார்.

சந்தைக்கு டெம்போ சொல்லி வைத்திருந்ததை அவர் ரத்து செய்யவில்லை.

"எதுக்குங்கண்ணா?" என்றார் சாமி.

"எனக்குச் செல்லங்கறதுக்காக மத்ததுகளை நான் கெடுக்கக் கூடாதுங்க. சந்தை அன்னைக்கு வரைக்கும் பாக்கறன். ஒருக்காத் தேய்ச்சாலும் மனசைக் கல்லாக்கிட்டு ஏத்தீருவனுங்க. இது என் வாக்கு."

சாமி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

சந்தை நாளும் வந்தது. டெம்போ மேடேறி வந்து நின்றது. டிரைவர் பின்கதவை இறக்கிவிட்டு, பீடி பற்றவைத்தார்.

"சும்மா திருப்பி அனுப்பறதுதான்," என்று பொங்கியண்ணன் சிரித்தார். "டீ குடிச்சுட்டுப் போங்க."

அவர் வாயை மூடுவதற்குள் கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

சரக். சரக். சரக்.

சுண்ணாம்பு, வெந்நீர், கந்தல், அடுப்பு எல்லாம் வீண். வாக்குக் கொடுத்தாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். பவளத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் மாறிவிடும். தலையைத் திருப்பிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். திருப்பிக்கொண்டே வெளியே நடத்தி வந்தார். கண்ணிலிருந்து தாரையாக ஓடியது.

பவளம் நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தது. டெம்போவின் பலகையில் முன்னங்காலை வைத்தது.

"எங்கீங்க கூட்டீட்டுப் போறீங்க?"

சாமி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சுங்க சாமி. மறுபடியும் தேய்க்குதுங்க."

"எதைங்க?"

"என்னதுங்க?"

"எதைத் தேய்ச்சா?"

பொங்கியண்ணன் பவளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பாக்கலீங்க," என்றார்.

சாமி பக்கத்தில் வந்தார். பவளத்தின் வாலைத் தூக்கிக் காட்டினார். சுத்தமாக, காய்ந்து, புதுமயிரோடு இருந்தது. பிறகு முன்பக்கம் போய்ப் பிடரியை விலக்கினார். கழுத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அந்த இடத்தை விரலால் மெல்லச் சொறிந்தார். பவளம் கண்ணைச் செருகி, மேலுதட்டைக் கோணலாக நீட்டியது. இன்னும், இன்னும் என்பது போல் கழுத்தைக் கொண்டுவந்து கொடுத்தது.

"கழுத்துங்கண்ணா," என்றார் சாமி. "குதிரைக்குக் கழுத்தும் அரிக்கும்."

பொங்கியண்ணன் டெம்போ பலகையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார். டிரைவர் பதறிப்போய்ப் பீடியைக் கீழே போட்டார்.

"ஏனுங்க, ஏத்தறதுங்களா, இல்லீங்களா?"

பொங்கியண்ணன் எழுந்தார். தொட்டியடிக்குப் போய் இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். உதறினார். திரும்பி வந்து, பவளத்தின் கழுத்தைச் சொறியத் தொடங்கினார்.